ஏரிக்கரை குரூப்புகளில் சுற்றும் போலி வானப் படங்கள்: எதை முதலில் சோதிப்பது?

#1 · ஏரிக்கரை

வணக்கம். ஆரம்பாக்கம், தடா, பழவேற்காடு பக்கத்து வாட்ஸ்அப் குரூப்புகளில் மறுபடியும் ஒரு படம் ஓடுகிறது. முன்னால் பூநாரைக் கூட்டம், நடுவில் ராக்கெட், அதற்குப் பின்னால் ராக்கெட் உயரத்துக்கே ஒரு முழுநிலா. "ஸ்பேடெக்ஸ் ஏவுதல், 2024 டிசம்பர் 30, பழவேற்காடு ஏரிக்கரையிலிருந்து எடுத்தது" என்று தமிழில் எழுதியிருக்கிறது. ஸ்பேடெக்ஸ் என்பது இரண்டு செயற்கைக்கோள்களை விண்ணில் இணைத்துப் பார்க்க இஸ்ரோ அனுப்பியது. தெலுங்கு குரூப்புகளில் அதே வாசகம் தெலுங்கில்.

நூலகப் பலகையில் ஒட்ட ஒரு பக்கம் எழுத வேண்டும். கையில் போன் மட்டும் இருக்கிற ஆளுக்கும் புரியணும். எதை முதலில் வைப்பது?

#2 · பிறைத்தோணி

காலண்டரை. ஆப் எதுவும் வேண்டாம், சுவரில் ஆணியில் தொங்குகிற தினசரிக் காலண்டர் போதும்.

2024 டிசம்பர் 30 மார்கழி அமாவாசை. ராக்கெட் கிளம்பியது இரவு 10 மணிக்கு. அமாவாசை நிலா சூரியனோடு சேர்ந்தே மறைந்துவிடும். இரவு 10 மணிக்கு அது நம் காலுக்குக் கீழே எங்கோ இருக்கும். அடுத்த முழுநிலா வந்ததே ஆருத்ரா தரிசனத்தன்று, 2025 ஜனவரி 13-ம் தேதிதான். படம் இங்கேயே விழுந்துவிட்டது.

நம் எல்லைப் பக்கத்துக்கே உரிய சிக்கல் இன்னொன்று உண்டு. தெலுங்கு மாதம் சாந்திரமானம், அதாவது நிலாவை வைத்து எண்ணுவது; தமிழ் மாதம் சௌரமானம், சூரியனை வைத்து எண்ணுவது. தெலுங்கு ஃபார்வர்டில் "மார்கசிர பௌர்ணமி" என்று வந்ததைத் தமிழாக்குகிறவர் "மார்கழி பௌர்ணமி" என்று எழுதிவிடுகிறார். 2024-ல் மார்கசிர பௌர்ணமி டிசம்பர் 15. அன்று நமக்கு இன்னும் கார்த்திகை முடியவில்லை. மார்கழிப் பௌர்ணமி ஜனவரி 13. ஒரு வார்த்தை மாறியதில் ஏறக்குறைய ஒரு மாதம் தள்ளிப்போகிறது. நிலா, கிரகணம் பற்றிய ஃபார்வர்டில் மாதப்பெயர் மட்டும் இருந்து ஆங்கிலத் தேதி இல்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த மொழிபெயர்ப்பைத்தான்.

#3 · தடா_செக்போஸ்ட்

தம்பி, ராக்கெட்டின் அடிப்பாகத்தைப் பெரிதாக்கிப் பாருங்க. பக்கத்தில் குட்டி பூஸ்டர்கள் ஒட்டியிருக்கா? எத்தனை?

#4 · ஏரிக்கரை

இருக்கு அண்ணே. இந்தப் பக்கம் ரெண்டு தெரியுது. மறுபக்கமும் ரெண்டு இருக்கும்போல.

#5 · தடா_செக்போஸ்ட்

அப்போ ராக்கெட்டும் வேற. ஸ்பேடெக்ஸைக் கொண்டுபோனது பிஎஸ்எல்வி-சி60. அது 'கோர் அலோன்' வகை, பக்கத்தில் ஒட்டுபூஸ்டரே கிடையாது. பென்சில் மாதிரி ஒற்றை உடம்பு.

பலகையில் எழுத இது உதவும். பிஎஸ்எல்வி எக்ஸ்எல் வகையில் ஆறு திட எரிபொருள் ஒட்டுபூஸ்டர். ஜிஎஸ்எல்வி மார்க்-2-ல் நாலு, எல்லாம் திரவ எரிபொருள். சந்திரயான்-3-ஐக் கொண்டுபோன எல்விஎம்-3-ல் ரெண்டே ரெண்டு, ஆனால் தடித்தவை, எஸ்200 என்று பெயர். தரையை விட்டுக் கிளம்பும்போது எல்விஎம்-3-ல் எரிவது அந்த ரெண்டு மட்டும்தான். நடு எஞ்சின் வானத்தில், ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் பற்றும். "சந்திரயான்-3 கிளம்பிய காட்சி" என்று வருகிற வீடியோவில் ஏவுதளத்திலேயே நடு எஞ்சினும் எரிந்தால் அது வேறு ராக்கெட்.

"இஸ்ரோ ராக்கெட் நின்றபடி திரும்பி இறங்கியது" என்று வருவதும் அப்படித்தான். இஸ்ரோ 2023 ஏப்ரலில் இறக்கிக் காட்டியது சிறகு வைத்த ஆர்எல்வி, அதாவது திரும்பப் பயன்படுத்தும் ஏவுகலத்தின் சோதனை மாதிரி. இறங்கிய இடம் கர்நாடகத்தில் சித்ரதுர்கா பக்கத்து ஓடுபாதை. விமானம் மாதிரி சக்கரத்தில் இறங்கியது.

#6 · கைமுழம்

காலண்டரும் பூஸ்டர் எண்ணிக்கையும் தெரிந்த தேதிக்கு உதவும். தேதியை வெட்டிவிட்டு அனுப்பினால்? அப்போது கோணம்தான் கை கொடுக்கும். வானத்தில் எதுவும் "பெரிசு" இல்லை, எல்லாம் இத்தனை டிகிரி என்றுதான் கணக்கு.

கையை நேரே நீட்டினால் சுண்டுவிரல் அகலம் 1 டிகிரி, மூடிய முட்டி 10 டிகிரி. முழுநிலா அரை டிகிரிதான். சுண்டுவிரலில் பாதி அதை மறைத்துவிடும். சூப்பர் மூன் என்று எத்தனை ஆர்ப்பாட்டம் செய்தாலும், ஆண்டின் மிகச் சிறிய முழுநிலாவைவிட அது 14 சதவீதம்தான் அகலம்.

அரை டிகிரியிலிருந்து ஒரு வாய்ப்பாடு கிடைக்கும். ஒரு பொருள் நிலாவின் உயரத்துக்குச் சமமாகத் தெரிய வேண்டுமானால், அதன் உயரத்தைப்போல 115 மடங்கு தூரத்தில் கேமரா நிற்க வேண்டும். 40 மீட்டர் கோபுரம் என்றால் 4.6 கி.மீ. தள்ளி நின்று, பெரிய லென்ஸ் போட்டு எடுக்க வேண்டும். காளஹஸ்தி கோபுரமும் நிலாவும் சமமாக நிற்க, முன்னால் பக்தர்களின் முகம் தெளிவாகத் தெரிந்தால் அது ஒட்டுவேலை. (காளஹஸ்தி என்றால் இன்னொன்றும் பார்க்கலாம். பழைய ராஜகோபுரம் 2010 மே மாதம் இடிந்தது, இப்போது நிற்பது புதிது. பழைய கோபுரத்தோடு "நேற்றைய கிரகணம்" என்று வந்தால் கேள்வியே இல்லை.)

இப்போது ஏரிக்கரை சொன்ன படம். பிஎஸ்எல்வி 44 மீட்டர். நிலாவும் அதுவும் சம உயரம் என்றால் கேமரா 5 கி.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். பழவேற்காடு ஊரிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் நேர்கோட்டில் சுமார் 35 கி.மீ. அங்கிருந்து பார்த்தால் ராக்கெட் உடம்பு நிலாவின் குறுக்களவில் ஏழில் ஒரு பங்குதான் வரும்.

இன்னும் ஒரு படி. கரையில் நிற்கிற ஆளின் கண் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் 5 கி.மீ.யில் முடிந்துவிடும். மீதி 30 கி.மீ.யை அதாலேயே பெருக்கி 12.7-ஆல் வகுத்தால் சுமார் 70 வரும். அத்தனை மீட்டர் பூமியின் வளைவுக்குப் பின்னால் மறைந்திருக்கும். காற்றில் ஒளி சற்று வளைவதைக் கழித்தாலும் 60 மீட்டர் மறையும். 44 மீட்டர் ராக்கெட் ஏவுதளத்தில் நிற்பது பழவேற்காட்டுக் கரைக்குத் தெரியவே வழியில்லை, மேலே எழும்பிய பிறகுதான் தெரியும். ராக்கெட் ஏவுதளத்தில் முழுசாக நிற்பதைக் காட்டும் "பழவேற்காட்டுக் கரைப் படம்" பொய்.

#7 · பிறைத்தோணி

கைமுழம் அக்கா சொன்னதோடு திசையையும் சேருங்கள். பழவேற்காட்டிலிருந்து ஏவுதளம் வடக்கே, கொஞ்சம் மேற்காகச் சாய்ந்து இருக்கிறது. நம் அட்சரேகையில் நிலா உதிக்கும் இடமும் மறையும் இடமும் நேர் வடக்கிலிருந்து இருபுறமும் 60 டிகிரிக்குள் வரவே வராது. அந்தத் திசையில் அடிவானத்தை ஒட்டி நிலாவை எந்த ஆண்டும், எந்த மாதமும் பார்க்க முடியாது.

சூலூர்பேட்டையில் கதை வேறு. அங்கிருந்து ஏவுதளம் ஏறக்குறைய நேர் கிழக்கு. உதிக்கிற நிலாவும் ராக்கெட்டும் ஒரே சட்டத்தில் வர வாய்ப்புண்டு. அதனால் "நிலாவோடு ராக்கெட் என்றாலே பொய்" என்று பலகையில் எழுதிவிடாதீர்கள்.

இதே முறை நட்சத்திரச் சுழற்சிப் படத்துக்கும் பொருந்தும். துருவ நட்சத்திரத்தின் உயரம் அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமம். ஹார்ஸ்லி மலை, நாகலாபுரம், பழவேற்காடு எல்லாமே 13, 14 டிகிரிக்குள். வட்டங்களின் மையம் வடக்கு அடிவானத்துக்கு மேல் ஒன்றேகால், ஒன்றரை முட்டி உயரத்தில் இருக்க வேண்டும். பாதி வானத்தில் மையம் இருந்தால் அது ஐரோப்பாவிலோ கனடாவிலோ எடுத்தது.

பிறையும் காட்டிக்கொடுக்கும். நம் பக்கத்தில் மூன்றாம்பிறை தோணி மாதிரி, கொம்புகள் மேலே பார்க்கப் படுத்திருக்கும். ஆங்கில 'டி' எழுத்துப் போல நெட்டுக்குத்தாக நின்றால் வடக்கு நாட்டுப் படம். கொம்புகளுக்கு நடுவில் நட்சத்திரம் தெரிந்தால் கொடியிலிருந்து எடுத்தது. அந்த இடம் காலி இல்லை, அங்கே நிலாவின் இருண்ட பாகம் இருக்கிறது.

#8 · தடா_செக்போஸ்ட்

வீடியோ என்றால் காதையும் தீட்டிக்கணும். வெளிச்சம் உடனே வரும், சத்தம் நடந்துதான் வரும், விநாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர். சூலூர்பேட்டைக்கு 18 கி.மீ., அதாவது 52 விநாடி. பழவேற்காட்டுக்கு 100 விநாடி. நெருப்பு தெரிந்த நொடியே உறுமல் கேட்கிற வீடியோவில் சத்தம் ஒட்டப்பட்டது.

#9 · கைமுழம்

18 கி.மீ. ஊர்ப்பலகையில் இருக்கிற சாலைத் தூரம் அண்ணே. ஏவுதளம் ஸ்ரீஹரிகோட்டா தீவின் கிழக்கு ஓரத்தில், கடலை ஒட்டி இருக்கிறது. நேர்கோட்டில் 22, 23 கி.மீ. வரும். சத்தம் 65 விநாடி எடுக்கும்.

#10 · தடா_செக்போஸ்ட்

சரிதான், திருத்திக்கிறேன். 65. பழவேற்காட்டுக் கணக்கு அப்படியே நிற்கும். அங்கே சத்தம் வந்து சேரும்போது பிஎஸ்எல்வியின் முதல் கட்டமே முடியப்போகும்.

#11 · நகரி_தறி

எல்லாரும் கணக்குப் போடுவது நல்லதுதான். ஆனால் கடையில் உட்கார்ந்திருக்கிறவர் 30-ஐ 30-ஆல் பெருக்கி 12.7-ஆல் வகுக்கப் போவதில்லை. படத்தையே இணையத்தில் கொடுத்துத் தேடுவதுதான் முதல் படி. அதையும் முறையாகச் செய்யணும், பாதிப் பேர் தப்பாகச் செய்துவிட்டு "ஒன்றும் வரலை, அப்போ உண்மை" என்கிறார்கள்.

முதலில் மேலே கீழே இருக்கிற எழுத்து, சாமிப் படம், குரூப் முத்திரை எல்லாவற்றையும் வெட்டுங்க. எழுத்து இருந்தால் கூகுள் லென்ஸ் எழுத்தைத்தான் தேடும், படத்தை இல்லை. ஒன்றும் வரவில்லையா, போட்டோ எடிட்டரில் இடவலமாகத் திருப்பித் திரும்பத் தேடுங்க. கண்ணாடிப் பிம்பமாக மாற்றி அனுப்புவது பழைய தந்திரம். அடுத்து டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளம். அதில் 'மிகப் பழையது' என்று வரிசைப்படுத்தலாம். "நேற்று எடுத்தது" என்ற படம் 2014-லேயே இருந்தால் வேலை முடிந்தது. வீடியோவா, நாலைந்து இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒவ்வொன்றையும் தேடணும். முதல் காட்சியை மட்டும் தேடினால் போதாது, அதைத்தான் மாற்றியிருப்பார்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் 'விவரங்கள்' பகுதியைப் பார்த்துப் பயனில்லை. எடுத்த தேதி, கேமரா, இடம் எல்லாம் அனுப்பும்போதே உதிர்ந்துவிடும். எடுத்தவரே நமக்குத் தெரிந்தவர் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்க, அப்போது விவரம் தங்கும். படத்தில் ஒட்டுவேலையைக் காட்டும் என்று சொல்கிற 'எரர் லெவல்' தளங்களையும் நம்ப வேண்டாம். நாலு முறை சுருங்கிய படத்தில் அவை எல்லா ஓரத்தையும் சந்தேகமாகத்தான் காட்டும்.

#12 · கைமுழம்

மறுக்கவில்லை. ஆனால் ஏஐ செய்த படத்துக்கு மூலமே கிடையாது தம்பி. தேடினால் வெறுமைதான் வரும், அந்த வெறுமையைத்தான் "அசல்" என்று நினைப்பார்கள். ஏரிக்கரை, தேடிப் பார்த்தீர்களா?

#13 · ஏரிக்கரை

தேடினேன் அக்கா. வெட்டியும் திருப்பியும் பார்த்தாச்சு. இதே படம் வேற ரெண்டு பேஸ்புக் பக்கத்தில் வருது, ரெண்டும் டிசம்பருக்குப் பிறகு போட்டது. மூலம் இல்லை.

#14 · நகரி_தறி

சரி, இந்தப் படத்தில் காலண்டர்தான் ஜெயித்தது. ஒப்புக்கிறேன்.

எண்ணிப் பார்க்க ஒன்று கொடுக்கிறேன். சாதாரண போனின் முதன்மைக் கேமராவில், ஜூம் இல்லாமல், 4000 பிக்சல் அகலப் படத்தில் நிலா 25 பிக்சல்தான் வரும். வாட்ஸ்அப் அதை 1600 பிக்சலாகச் சுருக்கினால் நிலா 10 பிக்சல். வெள்ளைப் பொட்டு. பரந்த ஏரி, மரம், ஆள் எல்லாம் தெரிகிற ஒரே போன் படத்தில் நிலாவின் கறைகளும் தெரிந்தால் நிலா வேறு இடத்திலிருந்து வந்தது.

10 மடங்கு ஜூம் போட்டால் 250 பிக்சல் வரும், கறை தெரியலாம். ஆனால் சில போன்கள் நிலா என்று கண்டுகொண்டால் தாங்களே விவரத்தை நிரப்புகின்றன. சோதிப்பது எளிது. முழுநிலாப் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, இருட்டறையில் கணினித் திரையில் வைத்து, தள்ளி நின்று அந்தப் போனில் ஜூம் செய்து எடுங்க. திரையில் இல்லாத பள்ளங்கள் படத்தில் வந்தால் போன் வரைந்தது. 2023-ல் இப்படித்தான் உலகம் முழுக்கப் பேச்சானது.

நட்சத்திரக் கூட்டப் படம் என்றால் அஸ்ட்ரோமெட்ரி தளத்தில் ஏற்றலாம். அது புள்ளிகளின் அமைப்பை நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிட்டு வானத்தில் எந்த இடம் என்று சொல்லும். ஏஐ தூவிய புள்ளிகளுக்கு இடம் கிடைக்காது. ஆனால் இடம் கிடைக்கவில்லை என்பதாலேயே போலி என்று முடிவு கட்டக்கூடாது. மேகம் இருந்தாலும், நட்சத்திரம் கோடாக இழுத்திருந்தாலும் அது தோற்கும்.

#15 · சந்தேகசாமி

இவ்வளவு பேசுறீங்களே, நாசா போடுற நெபுலா படமே கலர் அடிச்சதுதானே? ஹப்பிள் கறுப்பு வெள்ளையில எடுக்குது, அப்புறம் பெயிண்ட் அடிக்கிறாங்க. அது மட்டும் உண்மையா?

#16 · பிறைத்தோணி

கேள்வி நியாயமானது சார். பதில் கொஞ்சம் நீளம்.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் கேமரா ஒரு நேரத்தில் ஒரு வடிகட்டி வழியே ஒளியின் அளவை மட்டும் பதிகிறது. அது சரி. 1995-ல் வந்த புகழ்பெற்ற 'படைப்பின் தூண்கள்' நெபுலா (வாயு மேகம்) படத்தில் மூன்று வடிகட்டிகள். கந்தகத்தின் ஒளி 673 நானோமீட்டர் அலைநீளம், ஹைட்ரஜனின் ஒளி 656, ஆக்சிஜனின் ஒளி 502. முதல் இரண்டும் கண்ணுக்குச் சிவப்புதான், பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று ஒதுக்கினார்கள். எந்த வாயு எங்கே என்று வரைபடம் போலப் படிப்பதற்கு. தூணின் வடிவம், ஓரம், நட்சத்திரங்களின் இடம் எதையும் யாரும் வரையவில்லை. அதே இடத்தை 2022-ல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அகச்சிவப்பில் எடுத்தபோதும் அதே தூண்கள் அதே இடத்தில் நின்றன.

2019 ஏப்ரல் 10 அன்று வெளியான எம்87 விண்மீன் மண்டலத்தின் கருந்துளைப் படமும் அப்படித்தான். பதிந்தது 1.3 மி.மீ. ரேடியோ அலை, அதற்கு நிறமே கிடையாது. ஆரஞ்சு நிறம் நம் கண்ணுக்காகப் போட்டது, வளையம் தரவிலிருந்து வந்தது.

போலியைப் பிரிக்க இங்கே ஒரு வழி உண்டு. பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி முள்முள்ளாக ஒளிக்கோடு வரும். ஹப்பிளில் நாலு. வெப்பில் பெரிதாக ஆறு, குறுக்கே மெலிதாக இரண்டு. ஒரே தொலைநோக்கி எடுத்த ஒரே படத்தில் எல்லா நட்சத்திரத்துக்கும் எண்ணிக்கையும் சாய்வும் ஒன்றுதான். ஏஐ படத்தில் ஒன்றுக்கு நாலு, பக்கத்தில் ஐந்து, இன்னொன்று வேறு பக்கம் சாய்ந்திருக்கும்.

2022 ஜூலை 31-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் எத்தியேன் கிளைன் ஒரு சிவப்பு வட்டத்தைப் போட்டு, ஜேம்ஸ் வெப் எடுத்த பிராக்சிமா சென்டாரி (சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம்) என்றார். அது வெட்டிய இறைச்சித் துண்டு. பிறகு அவரே வேடிக்கை என்று சொன்னார். முள் எண்ணத் தெரிந்தவர் ஏமாந்திருக்க மாட்டார்.

#17 · ஏரிக்கரை

நன்றி. வருஷா வருஷம் திரும்பி வருகிற சிலவற்றையும் பலகையில் போடணும். செவ்வாய் நிலா அளவு தெரியும். ஜூலையில் 'அபிலியன்' குளிர். திருநள்ளாறில் செயற்கைக்கோள் 3 விநாடி நிற்கும். தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து எடுத்த இந்தியா. கிரகணத்தில் உலக்கை நிற்கும். இவற்றுக்கு ஒவ்வொரு வரி?

#18 · கைமுழம்

செவ்வாய்: 2003 ஆகஸ்ட் 27-ல் செவ்வாய் 5.58 கோடி கி.மீ. வரை நெருங்கியது. 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால், வெறுங்கண்ணுக்கு நிலா தெரிகிற அளவு தெரியும் என்று யாரோ எழுதினார்கள். அது சரியான வாக்கியம். தொலைநோக்கி இருந்த பாதியை வெட்டிவிட்டு மீதி இருபது வருஷத்துக்கு மேலாகச் சுற்றுகிறது. நகரி தம்பியின் போன் கணக்கில் அந்தச் செவ்வாய் அரை பிக்சல்கூட இல்லை.

அபிலியன், அதாவது பூமி சூரியனைவிட்டு மிகத் தள்ளி இருக்கும் நிலை: ஃபார்வர்டு "நாளை காலை 5:27 முதல்" என்று தொடங்கும். சூரியன் வழக்கமாக 9 கோடி கி.மீ., இப்போது 15.2 கோடி, 66 சதவீதம் தள்ளிப் போகிறது, ஆகஸ்ட் வரை சளி காய்ச்சல் என்று போகும். இதில் 15.2 கோடி உண்மை. 9 கோடிதான் பொய். பூமி 9 கோடி கி.மீ.யில் இருந்தால் வெள்ளிக்கும் உள்ளே இருக்க வேண்டும், வெள்ளியே 10.8 கோடியில் சுற்றுகிறது. ஜனவரியில் 14.7, ஜூலையில் 15.2, வித்தியாசம் மூன்றரை சதவீதம்கூட இல்லை. ஜூலையில் மே மாத வெயில் தணிவது தென்மேற்குப் பருவக்காற்றால்.

திருநள்ளாறு: 500 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு 7.6 கி.மீ. ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. 3 விநாடி நின்றால் மறுபடி ஓட அதே வேகத்தை யாராவது கொடுக்கணும், இல்லையென்றால் விழும். நின்றபடி தெரிகிற வகையும் உண்டு, 35,786 கி.மீ. உயரத்தில். அவை பூமத்தியரேகைக்கு மேலே மட்டும்தான் நிற்க முடியும். திருநள்ளாறு அதற்கு வடக்கே கிட்டத்தட்ட 11 டிகிரி. இதில் சனீஸ்வரரைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கோயிலுக்குப் போகிறவர் போகட்டும், செயற்கைக்கோள் கணக்கு மட்டும் பேசுங்கள்.

#19 · தடா_செக்போஸ்ட்

தீபாவளிப் படம் நான் சொல்றேன். வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு என்று பல வண்ணத்தில் இந்தியா. அது ஒரே இரவுப் படமே இல்லை. அமெரிக்காவின் பழைய ராணுவ வானிலைச் செயற்கைக்கோள்களின் பல வருஷத் தரவு. 1992-க்கு முன்பே இருந்த விளக்கு வெள்ளை, 1992-ல் வந்தது நீலம், 1998-ல் பச்சை, 2003-ல் சிவப்பு. ஊர் பெருத்த கணக்கு அது. 2012-ல் நாசா உண்மையான தீபாவளி இரவுப் படத்தையே வெளியிட்டது. மற்ற இரவுகளோடு பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற மாற்றமே இல்லை.

"சூரியன் ஓம் என்கிறது" என்ற ஆடியோவும் இருக்கு. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5 நிமிஷத்துக்கு ஒரு முறை ஏறி இறங்குது. அந்த அசைவின் தரவை 42,000 மடங்கு வேகப்படுத்தினால் காதில் விழுகிற சத்தமாகுது. வேகப்படுத்தியதைச் சொல்லாமல் அனுப்பினால்தான் வம்பு.

#20 · பிறைத்தோணி

உலக்கை எனக்குப் பிடித்த விஷயம். தமிழ்க் குரூப்பில் உலக்கை, தெலுங்குக் குரூப்பில் ரோகலி. தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர், நடுவில் உலக்கை நேராக நிற்கும், கிரகணம் விட்டதும் விழும் என்பார்கள்.

உலக்கையின் அடியில் இரும்புப் பூண். பூண் தட்டையாக இருந்து அகலம் 6 செ.மீ., உலக்கை நீளம் 130 செ.மீ. என்றால் எடைமையம் ஏறக்குறைய 65 செ.மீ. உயரத்தில் இருக்கும். அடியின் பாதி 3 செ.மீ. மூன்றுக்கு அறுபத்தைந்து என்றால் இரண்டரை டிகிரி வரை சாய்ந்தாலும் விழாது. பொறுமையாக வைத்தால் எந்த நாளும் நிற்கும். நிற்காமல் போவதற்கும் காரணம் உண்டு. பூண் தேய்ந்து உருண்டையாகியிருக்கும், தாம்பாளத்தின் அடி உப்பியிருக்கும், மண் தரை சாய்ந்திருக்கும். தட்டையான தட்டு, சிமெண்ட் தரை, இரண்டு கைகளால் பிடித்து மெல்ல விடுவது, இவ்வளவுதான். தண்ணீர் ஆடினால் தரை அதிர்கிறது என்று தெரியும், அந்தளவுக்கு அது நல்ல ஏற்பாடே.

பலகையில் விளக்கம் எழுதாதீர்கள். கிரகணத்துக்கு முந்தின நாள் நூலகத்து வாசலில் ஒரு உலக்கையை நிற்க வையுங்கள். மறுநாள் எடுக்காதீர்கள்.

#21 · செங்கோட்டை_வண்டி

மேற்கு எல்லையிலிருந்து ஒன்று. சிதம்பரம் நடராசர் கால்விரலுக்குக் கீழே பூமியின் காந்தமையம் என்று மலையாளக் குரூப்பிலும் வருகிறது. காந்த நடுக்கோடு என்று ஒன்று உண்மையில் உண்டு. அது இந்தியாவின் தென்கோடிப் பக்கம் போகிறது. 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் கிளம்பத் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். அது புள்ளி இல்லை, உலகைச் சுற்றும் கோடு. அதற்கு 'மையம்' கிடையாது.

2001-ல் கேரளத்தில் பெய்த சிவப்பு மழைக்கு இன்றும் "வேற்றுக்கிரக உயிர்" என்று படம் போடுகிறார்கள். திருவனந்தபுரம் ஆய்வாளர்கள் அந்தத் தண்ணீரில் கண்டது மரப்பட்டையில் வளரும் டிரென்டிபோலியா பாசியின் வித்துகள். வேற்றுக்கிரகம் என்று ஆய்வுக் கட்டுரையும் பிறகு வந்தது என்பது உண்மை. கட்டுரை வந்தது என்பதாலேயே அது நிரூபணம் ஆகிவிடாது.

#22 · சந்தேகசாமி

நிலவில் அசோகச் சின்னம் பதிஞ்ச படம்? சக்கரத்துல சின்னம் இருந்தது உண்மைதானே?

#23 · தடா_செக்போஸ்ட்

சந்திரயான்-3 கொண்டுபோன பிரக்யான் வண்டியின் சக்கரத்தில் சின்னமும் இஸ்ரோ முத்திரையும் இருந்தது உண்மை. சுற்றிய படம் உண்மை இல்லை, அது வரைந்தது. நிழலைப் பார்த்தாலே தெரியும். அதைச் சுமந்த விக்ரம் லேண்டர் இறங்கியது நிலவின் தெற்கில் 69.4 டிகிரி. அங்கே நண்பகலில்கூடச் சூரியன் 22 டிகிரிக்கு மேல் ஏறாது. நிழல் எப்போதும் பொருளின் உயரத்தைவிட இரண்டரை மடங்காவது நீளமாக விழணும். குட்டை நிழலோடு வருவது சந்திரயான்-3 இல்லை.

அதே இடத்தில் பூமி அடிவானத்துக்கு மேல் 17 டிகிரி பக்கம்தான் நிற்கும், அகலம் 2 டிகிரி. லேண்டரின் உச்சந்தலைக்கு மேல் தாம்பாளம் மாதிரி நீலப் பூமி தொங்கினால் ஏஐ. பின்னால் பால்வீதி மின்னினாலும் ஏஐ. வெயிலில் பளிச்சென்ற தரைக்கு வைத்த கேமரா அமைப்பில் நட்சத்திரம் பதியாது. நட்சத்திரம் இல்லையென்பதால் படம் பொய் என்பவர்களுக்கும் இதே பதில்தான் சார்.

#24 · நகரி_தறி

திருத்தி அனுப்புவது பற்றி. போலிப் படத்தை அப்படியே திருப்பிப் போடாதீர்கள், அடுத்த நிமிஷம் உங்கள் விளக்கத்தை விட்டுவிட்டுப் படம் மட்டும் பரவும். குறுக்கே தடித்த சிவப்புக் கோடு போட்டு, கோடு படத்தின் நடுவில் விழும்படி அனுப்புங்க. ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள். மூன்று வரிக்கு மேல் வேண்டாம். முதல் வரியில் உண்மை, அடுத்து ஒரே ஒரு காரணம், கடைசியில் அவர்களே சோதிக்க வழி. "டிசம்பர் 30 அமாவாசை. அன்று நிலா இல்லை. காலண்டரைப் பாருங்கள்." போதும். பெரியவர்களுக்கு 20 விநாடிக் குரல் பதிவு எழுத்தைவிட வேலை செய்யும். தெலுங்கு குரூப்புக்குத் தெலுங்கிலேயே போகணும், அங்கிருந்துதான் மறுபடி தமிழாகி வரும்.

அனுப்பியவர் பெயரைச் சொல்லித் திருத்தாதீர்கள். அவர் பிறகு தன் படத்தைக் காப்பாற்றத்தான் பேசுவார்.

#25 · தடா_செக்போஸ்ட்

ஏவுதல் தேதி பற்றிய ஃபார்வர்டை மட்டும் விளையாட்டாக விடக்கூடாது. ஏவும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்று மீனவருக்கு அறிவிப்பு வரும். போலித் தேதியை நம்பினால் ஒரு நாள் பிழைப்பு போகும். தள்ளிவைத்ததைத் தெரியாமல் இருந்தாலும் அதே நஷ்டம். இஸ்ரோ தளத்தையும் மீன்வளத்துறை அறிவிப்பையும் அன்று காலையில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொல்லி பலகையில் பெரிய எழுத்தில் போடுங்க தம்பி.

#26 · ஏரிக்கரை

வரைவு:

1. படத்தில் தேதி இருந்தால் காலண்டர்: பிறையா, பௌர்ணமியா, அமாவாசையா.
2. கையை நீட்டு: நிலா சுண்டுவிரலில் பாதி. கட்டடம் நிலா அளவு தெரிந்தால் உயரம் பெருக்கல் 150 தூரம்.
3. திசை: பழவேற்காட்டிலிருந்து ஏவுதளம் வடகிழக்கு. அந்தப் பக்கம் நிலா உதிக்காது.
4. வீடியோ: சத்தம் சூலூர்பேட்டைக்கு 65, பழவேற்காட்டுக்கு 100 விநாடி கழித்து.
5. எழுத்தை வெட்டித் தேடு, திருப்பித் தேடு. ஒன்றும் வராவிட்டால் உண்மை என்று அர்த்தமில்லை.
6. ஏவுதல் தேதி: இஸ்ரோ, மீன்வளத்துறை மட்டும்.

#27 · கைமுழம்

இரண்டில் 150 இல்லை, 115. மூன்றில் வடகிழக்கு இல்லை, வடக்கு-வடமேற்கு. வடகிழக்கு என்று போட்டால் திசையே தப்பாகிவிடும்.

#28 · ஏரிக்கரை

மாத்திட்டேன் அக்கா. உலக்கைக்கு ஆள் சொல்லியாச்சு, பூண் தட்டையா இருக்கான்னு பார்த்து வாங்கி வரச் சொல்லியிருக்கேன்.